ஊரின் இடாப்பும் ஒரு சின்னப் பெட்டியும்





இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ, ஸகாத் குழுவிலோ இருக்கும் உங்கள் வீட்டு ஆட்களுக்கும் அனுப்பிவிடுங்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறோம்.

சில வருடங்களாக நமது கந்தோர்களில் ஒரு புதிய பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில், பாண் இறாத்தல் இரண்டை அடுக்கி வைத்த அளவில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு வன்தட்டுகள், முன்னால் மினுங்கும் பச்சை விளக்கு. கடைக்காரர் அதை 'நாஸ்' என்பார். நமது பிள்ளைகள் 'சேர்வர்' என்பார்கள். கந்தோரில் உள்ள எல்லாக் கணினிகளும் தங்கள் ஃபைல்களை இந்த ஒரே இடத்தில் வைத்து எடுக்கின்றன. சேர்வு இடாப்பு, பரீட்சைப் புள்ளிகள், சந்தாக் கணக்கு, நிகாஹ் பதிவு, ஜனாஸா பதிவு, ஸகாத் பெறுவோர் பட்டியல் என்று ஓர் ஊரின் நினைவு முழுவதும் மெல்ல மெல்ல அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

"எல்லாவற்றையும் சேர்வரில் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறோம். பழைய இடாப்புகளை எறிந்துவிடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வரலாறு கற்பிப்பவர்கள் என்ற வகையில் இந்தப் பேச்சு நமக்குப் பயத்தைத் தருகிறது. இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தானாக விளங்கும்.

*நமது பெரியவர்கள் செய்த ஏற்பாடு*

பெட்டி வருவதற்கு முன்னரே பதிவுகளைப் பாதுகாக்கும் அறிவு நம்மிடம் இருந்தது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்கள் கவலைப்பட்டு அபூபக்ர் (ரழி) அவர்களிடம் சொன்னதும், ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் தொகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதும் நமக்குத் தெரிந்த வரலாறு. பிறகு உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுத்து, ஒன்றை மதீனாவில் வைத்துக்கொண்டு, கூபா, பஸரா, ஷாம் போன்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். உள்ளத்தில் ஒன்று, எழுத்தில் ஒன்று, வெவ்வேறு ஊர்களில் பிரதிகள். அல்லாஹ்வின் வேதத்தை நமது கந்தோர்க் கணக்கோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விடயத்தைப் பாதுகாக்க அந்தத் தலைமுறை எப்படி யோசித்தது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

நமது நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசு மூன்று பிரதிகள் தயாரிப்பார். ஒன்று காணிக்காரரின் கைக்கு. ஒன்று நொத்தாரிசின் சொந்தக் கோவைக்கு. மற்றது அடுத்த மாதம் காணிப் பதிவகத்துக்கு. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் முதல் இதுதான் நடைமுறை. வீட்டில் உறுதி கறையானுக்குப் போனாலும் பதிவகத்தில் போய்ச் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்று நமது உம்மம்மாமாருக்கும் தெரியும். மூன்று பிரதி, மூன்று இடம், மூன்று பொறுப்பாளர்கள். இந்தப் பதிவு முழுவதிலும் நாம் சொல்லப்போவது இந்தக் கணக்கைத்தான்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் நமது தலைமுறை கண்டிருக்கிறது. 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் திரும்பத் தேட முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை என்றைக்குமாகப் போயின. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் பாடசாலைப் பத்திரமும் அலுமாரியிலேயே கிடந்தன. வருடங்கள் கழிந்து 'இது என் காணி' என்று சொல்லப் போனவர்களிடம் கடதாசி கேட்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து, மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிண்ணியாவிலும் ஹம்பாந்தோட்டையிலும் மனிதர்களோடு பதிவேடுகளையும் கொண்டுபோனது.

ஓர் இடாப்பு தொலைந்தால் ஒரு மனிதர் தன்னை நிரூபிக்கும் வழி தொலைகிறது. அதனால்தான் அந்தப் பச்சை விளக்குப் பெட்டியைப் பற்றி இவ்வளவு கவலை.

*பெட்டி பிறந்த கதை*

வன்தட்டு உலகுக்கு வந்தது 1956 இல். ஐபிஎம் நிறுவனத்தின் 'ராமக்' கணினியோடு வந்த அந்த முதல் வன்தட்டு ஒரு தொன்னுக்கு மேல் பாரம். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல படம்கூட அதற்குள் அடங்குவது சந்தேகம்.

கணினிகள் சிறிதாகி ஒவ்வொரு மேசைக்கும் வந்தபோது, எல்லோரும் ஒரே ஃபைலைப் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. 1983 இல் நொவெல் நிறுவனத்தின் நெட்வெயார், 1984 இல் சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் ஆகியவை வந்தன. 1992 இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அண்ட்ரூ ட்ரிஜெல் ஒரு சிறு மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதுவே பின்னர் 'சம்பா' ஆனது. விண்டோஸ் கணினி ஒன்று வேறு வகைச் சேர்வரோடு பேசுவதற்கு வழி திறந்தது அதுதான். இன்று நமது கந்தோரில் இருக்கும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் சம்பாவும்தான்.

இதற்கிடையில் 1988 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பெட்டர்சன், கார்த் கிப்சன், ரண்டி கட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை கூடிய பெரிய வன்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய வன்தட்டுகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் செய்யலாம் என்பது அவர்களின் யோசனை. அதற்கு 'ரெய்ட்' என்று பெயரிட்டார்கள். 2000 இல் தாய்வானில் சினொலஜியும் 2004 இல் கியூநெப்பும் தொடங்கப்பட்டு, பெரிய கம்பனிகளிடம் மட்டும் இருந்த இந்த வசதி சிறிய கந்தோர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் நமது ஊர்களில் இருக்கும் மிகப் பெரிய தவறான எண்ணம் தொடங்குகிறது. "இரண்டு வன்தட்டு இருக்கிறது, ஒன்றில் உள்ளது மற்றதிலும் இருக்கிறது, ஆகவே பேக்கப் இருக்கிறது" என்கிறார்கள். அப்படியல்ல. ரெய்ட் உருவாக்கப்பட்டது ஒரு வன்தட்டு செத்தாலும் கந்தோர் வேலை தொடர்வதற்காக. அது கண்ணாடி மாதிரி. நீங்கள் ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தால் அந்தக் கணமே மற்றதிலும் அழியும். வைரஸ் ஒன்றில் பூட்டினால் மற்றதிலும் பூட்டும். இடி விழுந்தால், திருடன் தூக்கினால், வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வன்தட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிழடாவதும் உண்டு. ஒன்று செத்து, புதியதைப் போட்டு நிரப்பும்போது மற்றதும் செத்த கதைகள் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல.

*பெட்டியைத் தேடி வந்த திருடர்கள்*

சின்னப் பெட்டிகள் உலகெங்கும் பரவியதும் திருடர்களும் வந்தார்கள். நம்மை யாருக்குத் தெரியும், நமது கந்தோரை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. அவர்கள் ஊர் பார்த்து வருவதில்லை. இணையத்தில் திறந்திருக்கும் கதவுகளை இயந்திரம் ஒன்று இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

2014 ஆகஸ்டில் 'சினோலொக்கர்' என்ற தாக்குதல் வந்தது. சினொலஜி பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை நிறுவனம் 2013 டிசம்பரிலேயே வெளியிட்டிருந்தது. எட்டு மாதமாக அதைப் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

2017 மே 12 இல் 'வன்னாகிரை' உலகின் சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. கந்தோருக்குள் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 இல் இருந்த ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி பாய்ந்தது. மைக்ரோசொஃப்ட் அதற்கான அப்டேட்டை மார்ச் 14 இலேயே கொடுத்திருந்தது.

2021 ஏப்ரலில் 'கியூலொக்கர்' வந்தது. கியூநெப் பெட்டிகளில் இருந்த ஃபைல்களைக் கடவுச்சொல் போட்ட சுருக்கக் கோப்புகளாக மாற்றியது. அது உள்ளே வர உதவிய ஓட்டை இருந்தது பேக்கப் எடுக்கும் மென்பொருளிலேயே. அதே ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற பழைய பெட்டிகளை வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது எல்லாம் வெறுமையாக இருந்தது. யாரோ தூரத்திலிருந்து புதுப் பெட்டி போல அழித்துவிட்டிருந்தார்கள். அந்த வகைப் பெட்டிக்கு 2015 க்குப் பிறகு அப்டேட் வருவதே நின்றிருந்தது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' மீண்டும் கியூநெப் பெட்டிகளைத் தாக்கியது.

இந்தப் பெட்டிகளைக் குறிவைத்த தாக்குதல்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு விடயம் உண்டு. பெட்டி நேராக இணையத்துக்குத் திறந்திருந்தது. வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்ற ஆசையில் ரவுட்டரில் போர்ட் திறந்து விட்டிருந்தார்கள். சில இடங்களில் 'யூபிஎன்பி' என்ற வசதி யாரையும் கேட்காமல் தானாகத் திறந்திருந்தது.

நமது கந்தோரில் இதன் அர்த்தம் என்ன? கப்பம் மட்டும் பிரச்சினையல்ல. ஸகாத் பெறுவோர் பட்டியல் வெளியே போனால், கைநீட்டியது தெரியாமல் வாழ நினைத்த ஒரு குடும்பத்தின் மானம் வெளியே போகிறது. பிள்ளைகளின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் போகின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நமது நாட்டில் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெயர்கள் நம்மிடம் அமானிதம்.

*பெரிய இடங்கள் கற்றுத்தந்த பாடம்*

காசும் ஆட்பலமும் உள்ளவர்களுக்கு இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம்.

1998 இல் 'டோய் ஸ்டோரி 2' படம் தயாரிப்பில் இருந்தபோது, பிக்சார் நிறுவனத்தின் சேர்வரில் யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். அது பல நாட்களாக ஒழுங்காக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தபடியால் படம் தப்பியது.

2021 மார்ச் 10 இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. மூலத்தையும் பேக்கப்பையும் ஒரே வளவில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

2023 இல் நமது நாட்டு அரசாங்கத்துக்கே நடந்தது. அரச மின்னஞ்சல் சேவை கப்பத் தாக்குதலுக்கு உள்ளாகி, சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இல்லாமற் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். பேக்கப் இருந்தது. ஆனால் அது சேர்வரோடு இணைந்தே இருந்தது, ஆகவே அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜியோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் பெட்டரியிலிருந்து தீ பரவியது. அரச ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்ற சேமிப்பகத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை என்றார்கள். தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது.

பிக்சாரில் தப்பியது வேறிடத்தில் இருந்த பிரதியால். மற்ற மூன்று இடங்களிலும் இழந்தது வேறிடத்தில், துண்டித்து வைத்த பிரதி இல்லாததால். 2000 களில் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதை '3-2-1' என்று சுருக்கிப் பிரபலப்படுத்தினார். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில். நமது நொத்தாரிசுமார் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவருவதற்குப் பக்கத்தில் வருகிற கணக்குத்தான் இது.

*நமது கந்தோரில் செய்ய வேண்டியவை*

வரலாற்றை வாசித்துவிட்டு எழுந்து போவதில் பிரயோசனம் இல்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் வேலையாக மாற்றி எழுதுகிறோம். எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல.

1. பெட்டிக்கு வெளியே இரண்டு பிரதி. வெளியே இணைக்கும் வன்தட்டு இரண்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒன்றை இணைத்து, பேக்கப் முடிந்ததும் கழற்றுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். இணைந்தே இருக்கும் பிரதி 2023 இல் என்னவானது என்று மேலே பார்த்தோம். கழற்றியதைக் கந்தோரிலேயே வைக்காமல் பொறுப்பானவர் ஒருவரின் வீட்டிலோ வேறு கட்டடத்திலோ வையுங்கள். அடுத்த வாரம் மற்றதைக் கொண்டு வாருங்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்கள் இரண்டாம் இடத்தைக் கடலிலிருந்து தள்ளிய பக்கமாகத் தெரிவு செய்யுங்கள். வெளியே போகும் தட்டைக் கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்துவிடுங்கள், வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது.

2. திரும்ப எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்து ஃபைல்களை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பியதால்தான் பிக்சார் அந்த இடத்தில் நின்றது. பார்த்த திகதியை ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் இடுங்கள்.

3. கதவைப் பூட்டுங்கள். ரவுட்டரில் பெட்டிக்காகத் திறந்த போர்ட் இருந்தால் மூடிவிடுங்கள். யூபிஎன்பியை நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால், விபரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு 'விபிஎன்' வழியாக மட்டும் செய்யுங்கள். பழைய எஸ்எம்பி 1 ஐ நிறுத்துங்கள். பள்ளிக்கு வருவோருக்குக் கொடுக்கும் வைபையும் கந்தோர் வைபையும் வேறுவேறாக இருக்கட்டும்.

4. அப்டேட்டை ஒத்திப்போடாதீர்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, முதலில் பேக்கப், பிறகு அப்டேட் என்ற ஒழுங்கில் செய்யுங்கள். பெட்டிக்கு நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டால், அது நன்றாக ஓடினாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. 2021 இல் வெறுமையான பெட்டிகளும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ பாவித்த பழைய பெட்டியை அன்பளிப்பாகத் தந்தாலும் இதை முதலில் பாருங்கள்.

5. ஆளுக்கொரு கணக்கு. எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழையக் கூடாது. புள்ளி பதிபவருக்குப் புள்ளிக் கோவை, கணக்காளருக்குக் கணக்குக் கோவை. பழைய இடாப்புகளின் ஸ்கேன் பிரதிகளை மற்றவர்கள் வாசிக்க மட்டும் முடியுமாறு வையுங்கள். ஒருவரின் கணினியில் வைரஸ் வந்தால், அவருக்கு எழுத அனுமதியுள்ள கோவைகளைத்தான் அது தொட முடியும். அட்மின் கணக்குக்கு நீளமான கடவுச்சொல்லும், கைப்பேசியில் இலக்கம் கேட்கும் இரண்டாம் பூட்டும் போடுங்கள்.

6. 'ஸ்னாப்ஷொட்' வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அந்தந்த நேரத்து நிலையை அது பிடித்து வைக்கும். நேற்றுத் தவறுதலாக அழித்த ஃபைலை இன்று எடுக்க இது மிகவும் உதவும். ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. முதலாவதாகச் சொன்ன வேலைக்கு அது பதிலாகாது.

7. கரண்டும் இடியும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுத்து பாதியில் நிற்கும், ஃபைல் அமைப்பே குழம்பலாம். ஒரு யூபிஎஸ் கட்டாயம். அதிலிருந்து வரும் யூஎஸ்பி வயரைப் பெட்டியோடு இணைத்தால், பெட்டரி இறங்கும்போது பெட்டி தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். யூபிஎஸ் வாங்கிய பல இடங்களில் இந்த வயர் பெட்டிக்குள்ளேயே பொலிதீன் உறையில் கிடக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மழை வரும் பின்னேரங்களில், வேலை முடிந்தால் ஒழுங்காக ஓஃப் செய்து, பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடி தொலைபேசி வயர் வழியாகவும் வரும்.

8. இடமும் சுத்தமும். வெயில் படாத, காற்றோட்டமான, நிலத்திலிருந்து உயர்ந்த இடம். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் சூடேறும். ஜன்னலோரம் வைத்தால் உப்புக்காற்றும் தூவானமும் படும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஓஃப் செய்துவிட்டு விசிறியின் தூசைத் துடையுங்கள். வன்தட்டின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்க்கவும், பிரச்சினை வந்தால் மின்னஞ்சல் அனுப்பவும் பெட்டியிலேயே வசதி உண்டு. அந்த மின்னஞ்சல் இப்போதும் வேலை செய்யும் ஒருவரின் முகவரிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

9. கடைசியாக, ஆள் மாறும் நாள். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும். நிர்வாக சபை மாறும். வெளிநாடு போவோர் போவர். மௌத் எவருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. கடவுச்சொல் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போகும் நாளில் ஊரின் இடாப்பும் போகிறது. கடவுச்சொற்கள், குறியாக்கச் சாவி, பேக்கப் இருக்கும் இடம், திரும்ப எடுக்கும் முறை ஆகியவற்றை எளிய தமிழில் ஒரு கடதாசியில் எழுதி, உறையிலிட்டு, முத்திரை வைத்து, தலைவரிடமோ அதிபரிடமோ ஒப்படையுங்கள். திறப்புக் கோர்வை கையளிப்பது போல, ஆள் மாறும்போது இதையும் இரண்டு சாட்சிகளோடு கையளித்து, அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். போனவரின் கணக்கை மூடிவிடுங்கள். அதில் மனத்தாங்கல் கொள்ள ஒன்றுமில்லை.

*பழைய இடாப்புகளை எறியலாமா?*

வேண்டாம். ஸ்கேன் செய்தபின்னும் மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். கடதாசியும் ஒரு வகைப் பிரதிதான். அதற்குக் கரண்ட் தேவையில்லை, கப்பக்காரன் அதைப் பூட்ட முடியாது. கடதாசிக்கு வரும் ஆபத்து வெள்ளமும் கறையானும் நெருப்பும். பெட்டிக்கு வரும் ஆபத்து இடியும் வைரஸும் மறதியும். இரண்டும் ஒரே நாளில் ஒரே விதமாகப் போவது அரிது. இரண்டு வகைப் பொருளில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

நமது சமூகம் ஒருமுறை கடதாசியில்லாமல் வழியில் நின்றிருக்கிறது. இன்னொருமுறை கடல் வந்து கேட்காமல் எடுத்திருக்கிறது. அந்த இரண்டு தடவையும் நம் கையில் அதிகாரம் இருக்கவில்லை. இந்தப் பெட்டி விடயத்தில் வாரத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கும் அதிகாரம் நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் யாரையும் குற்றம் பிடிக்காமல், சண்டைக்குப் போகாமல், மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். பெட்டிக்கு வெளியே, கட்டடத்துக்கு வெளியே பிரதி இருக்கிறதா? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்த திகதி எது? பொறுப்பானவர் நாளை இல்லாவிட்டால் அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த நிர்வாகத்துக்கு துஆ செய்யுங்கள். இல்லாவிட்டால், கணினி படித்த நமது பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை அவர்களைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, இந்த ஒன்பது வேலைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து முடியுங்கள்.

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணுவதற்கு நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக.

வஸ்ஸலாம்.